நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடம்

தெய்வசிகாமணி தன் அக்கா ஞானாம்பாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, செவலை நாயின் முன்னங்காலை மடியில் போட்டுக்கொண்டு ஊக்கால் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கண் மருத்துவரிடம் போகக் கிளம்பியிருந்தான். துவைத்து மடித்துக் கட்டிய சேலையில் சேற்றுக்கால் படுகிறதே என்று அவனுக்கு எரிச்சல். கொஞ்சம் அசைக்காமல் இருங்க, முடிஞ்சிடுச்சு என்று அவள் சொன்னது நாயிடம். மழை வரும், சீக்கிரம் வாடா என்று சொன்னது அவனிடம். நாய்க்கு மரியாதை, தம்பிக்கு டா என்று தெருவே அவளைக் கேலி செய்யும். மடியில் சோறு கேட்டு அழுதவனுக்கு என்ன மரியாதை என்று அவளும் விடாமல் பதில் சொல்வாள்.

மத்தியானம் அவன் திரும்பி வந்தபோது வாசலில் யாரும் இல்லை. வீட்டின் பின்பக்கச் சந்தில், ஞானாம்பாள் படுக்கும் அறையின் சுவரோரமாக, தெரு நாய்கள் எல்லாம் வரிசையாகப் படுத்து மூக்கைச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தன. ஒன்றும் குரைக்கவில்லை. கண்ணில் விட்ட மருந்து இன்னும் தெளியாமல், மங்கலாக அதைப் பார்த்ததுமே அவன் சந்திலேயே நின்றுவிட்டான். உள்ளே போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை.

பண்ருட்டியில் ரயிலடிக்குப் பின்னால் இருக்கிறது அந்தச் செக்கடித் தெரு. அதில் நாய்களுக்குத் தெரியாதது மனிதர்களிடம் ஒன்றும் இல்லை. குனிகிறவன் கல்லுக்குக் குனிகிறானா, செருப்பு வாருக்குக் குனிகிறானா என்று அவன் முதுகு வளையும்போதே அவற்றுக்குத் தெரியும். எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் கறி, எந்த வீட்டுப் பையன் பரீட்சையில் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகாமல் சுற்றுகிறான் என்று தெரியும். வாய் சொல்வதை அவை கேட்பதில்லை, தோளையும் காலையும் கையையும்தான் கேட்கும். ஞானாம்பாள் அவற்றுக்குப் பெயர் வைத்ததில்லை. பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் வந்தாக வேண்டும் என்று அதுங்களுக்கு ஒரு கட்டாயம் ஆகிவிடும், எதற்கு அந்தப் பாவம் என்பாள். சாயங்காலம் அவள் தண்ணீர்த் தொட்டி வரை நடந்துவிட்டுத் திரும்புவாள். நாய்கள் முன்னும் பின்னுமாகக் கூடப் போகும். முட்டிவலிக்காரி, விளக்குக் கம்பத்தில் கைவைத்து மூச்சு வாங்குவாள். நாய்களும் நிற்கும். அவள் நடந்தால் நடக்கும்.

அவள் போனது சதய நட்சத்திரத்தில். காரியம் பார்க்க வந்த பங்காளி கோதண்டம் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, அடைப்பு என்று ஒரு சொல் சொன்னார், கூடியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். சதயம் மாதிரியான சில நட்சத்திரங்களில் போன உயிர் வீட்டை விட்டுப் போகாது, சுற்றிச் சுற்றி வரும், துணைக்கு இன்னோர் உயிரைக் கேட்கும் என்பது அங்கே எல்லோரும் நம்புவது. உடலை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது, சுவரை இடித்து வழி செய்து எடுத்துப் போக வேண்டும், எரித்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்த வழியை அடைத்துவிட வேண்டும், அப்போதுதான் போன உயிர் திரும்பி வரும்போது வழி தெரியாமல் போய்விடும். அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். வீட்டில் தெய்வசிகாமணியின் மருமகள் சங்கவி மாசமாக இருந்தாள், வயிறு நன்றாகத் தெரிந்தது. கோதண்டம் அந்த வயிற்றைப் பார்த்துவிட்டு தெய்வசிகாமணியைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். என்னவென்று கேட்டுத்தான் ஆட்டினானா என்று அவனுக்கே நினைவில்லை. கொத்தனார் சந்துப் பக்கத்துச் சுவரைக் கடப்பாரையால் இடித்தார். ஞானாம்பாளைச் சந்து வழியாகக் கெடிலம் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது சுவர் மூடியிருந்தது, பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. நல்ல வேலைக்காரன் என்று கோதண்டம் கொத்தனாரைப் பாராட்டினார்.

கருமாதி முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு ஒரு சாயங்காலம் நாய்கள் அவளோடு நடந்து போயின.

இதை முதலில் பார்த்தவர் இஸ்திரிக்காரர். தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து நாய்கள் கூட்டமாக வந்தன. கூட்டத்தின் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தன. செவலை அந்த இடத்தின் இடது பக்கமாக வந்தது, அடிக்கடி தலையைத் தூக்கி, குள்ளமான ஒரு பொம்பளையின் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்துக்கொண்டு, வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு வந்தது. விளக்குக் கம்பத்தருகே எல்லாம் நின்றன. மூச்சு வாங்குகிற நேரம் நின்றன. பிறகு நடந்தன. எதிரே வந்த ஆட்டோ ஒலி எழுப்பியபோது நாய்கள் ஓரமாக ஒதுங்கின, அந்த இடமும் அவற்றோடு சேர்ந்து ஓரமாக ஒதுங்கியது. இஸ்திரிக்காரர் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டதை மறந்துபோனார், வக்கீல் சட்டை ஒன்று பொசுங்கிப்போனது. வக்கீலிடம் அவர் ஒளிக்காமல் சொன்னார், ஞானாக்கா போனாங்க சார், பார்த்துக்கிட்டே இருந்துட்டேன் என்று. வக்கீல் வேறு சட்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்.

தெருவுக்கு அது பழகியது. இதுதான் தெய்வசிகாமணிக்குத் தாங்கவில்லை. அவன் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, ரத்தம் வற்றிய முகத்தோடு பார்ப்பான். தெருவோ ஒரு மாமி கோயிலுக்குப் போய் வருவதைப் பார்க்கிற மாதிரி பார்க்கும். பூக்காரம்மா கூடையை இழுத்து ஒதுக்கி வழிவிட்டாள், ஒரு முழம் கனகாம்பரத்தை எடுத்து நீட்டி, வைக்க இடமில்லாமல் செவலையின் கழுத்தில் சுற்றிவிட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் கம்பத்தருகே வண்டியை நிறுத்தி, பெரியம்மா மூச்சு வாங்கட்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னார். கொஞ்ச நாளில் பெண்கள் கூடவே நடந்து பேசவும் ஆரம்பித்தார்கள். மகளுக்கு நெய்வேலியில் இருந்து வரன் வந்திருக்கிறது என்று ஒருத்தி அந்த இடத்திடம் சொன்னாள். பதில் வரவில்லை, ஆனால் நாய்கள் நடையைக் குறைத்துக்கொண்டன. அதனால் ஞானாக்கா யோசிக்கிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டு, அந்த வரனைத் தள்ளிப்போட்டாள். உயிரோடிருக்கும்போது சீட்டு விஷயமாக ஞானாம்பாளோடு பேச்சை நிறுத்தியிருந்த எதிர்வீட்டுக்காரி மட்டும், செத்த பிறகும் தன் முகத்தைப் பார்க்காமல் போகிறாள் பார் என்று கோபித்துக்கொண்டாள்.

நகராட்சியிலிருந்து நாய்களுக்கு ஊசி போட ஆட்கள் வந்தார்கள். வலையோடு நெருங்கிய ஒருவன், நாய்கள் நடுவில் விட்டிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நின்றான். அது யாரு என்று இஸ்திரிக்காரரைக் கேட்டான். தெய்வசிகாமணி ஐயாவோட அக்கா என்றார் அவர். அவன் வலையை இறக்கிவிட்டு, அந்தம்மா வீட்டுக்குப் போனப்புறம் போட்டுக்கலாம் என்று மற்றவர்களிடம் சொல்லி, வண்டி நிழலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஏனென்றால் அந்தம்மா வீட்டுக்குப் போகவில்லை.

நாய்கள் அவளை முன்வாசலுக்கு அழைத்து வரவே இல்லை. வாசல் திறந்துதான் இருந்தது. அதைத் தாண்டி, வீட்டைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் போய், புதிதாகப் பூசிய சுவரெதிரே நிற்கும். சுவரைப் பார்க்கும், தலையைத் தூக்கி அந்த உயரத்தைப் பார்க்கும், மறுபடி சுவரைப் பார்க்கும். கதவைத் திறந்துவிடச் சொல்லி நாய் எப்படிப் பார்க்குமோ அப்படி. பிறகு அந்த இடத்தைச் சுற்றிப் படுத்துவிடும். விடிந்து தெரு பெருக்குகிற சத்தம் கேட்டதும் எழுந்து போகும்.

கோதண்டம் வந்து பார்த்துவிட்டுத் திருப்தியோடு மீசையைத் தடவிக்கொண்டார். கடைசியாகப் போன வழிதான் உயிருக்கு நினைவிருக்கும், அந்த வழியை நாம் அடைத்துவிட்டோம், நாம செஞ்சது வேலை செய்யுது பாருப்பா என்றார். குழாய் ஒழுகலை அடைத்ததைச் சொல்வதுபோல் சொன்னார். தெய்வசிகாமணிக்கு அப்போதுதான் தான் எதற்குத் தலையை ஆட்டினோம் என்பது முழுதாக உறைத்தது. அம்மா செத்த வருஷம் தனக்கு வந்த வரனை வேண்டாமென்று சொல்லிவிட்டு அவனை வளர்த்தவள் அவள், அவன் மனைவி போனபின் அவன் மகனையும் வளர்த்தவள், இந்த வீட்டுக்கு அடித்தளம் தோண்டியபோது முந்தானையில் மண் சுமந்தவள். அவளுக்கு வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகட்டும் என்றுதான் அவன் தலையை ஆட்டியிருக்கிறான். அன்றைக்குச் சோறு பிசைந்த கை பிசைந்தபடியே இருந்தது, மகன் இளவழகன் வந்து தட்டை எடுத்து வைத்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையென்றால் இஸ்திரி வண்டிக்கு அடியிலும் ரேஷன் கடைப் படியிலும் ஒண்டுகிற நாய்கள் அந்த வருஷம் ஒண்டவில்லை. சுவரெதிரே, நடுவில் இடம் விட்டு, நனைந்துகொண்டு நின்றன. அந்த இடத்திலும் மற்ற இடத்தைப் போலவே மழை பெய்தது, தரையில் அதே குமிழிகள் வெடித்தன. யாரோ ஒரு குடையை விரித்துக் கொண்டுவந்து வைத்தார்கள், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. வேன்காரர் தார்ப்பாய் கட்டினார், அதுவும் கிழிந்தது. நாய்கள் இருமத் தொடங்கின. காலில் முள் தைத்த செவலைக்குக் காய்ச்சல் கண்டு உடம்பு நடுங்கியது, ஆனாலும் இடது பக்கத்தை விட்டு அது நகரவில்லை. தெரு இரண்டாகப் பிரிந்துகொண்டது. கூடப் பிறந்தவளை மழையில் நிறுத்திவிட்டு எப்படித் தூங்குகிறான் என்றது பாதித் தெரு. வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு அவன் வேறு என்னதான் செய்வான் என்றது மீதித் தெரு. இரண்டும் அவன் காதில் விழும்படியாகத்தான் பேசின. கடைக்குப் போனால் பொருளைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் மழை தூறலாக இருக்கும்போது அவன் சந்துக்குள் போனான். நாய்கள் அவனுக்கு வழிவிட்டன. எதிரே ஒன்றும் இல்லை, பாசி பிடித்த தரை, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு. அதன் முன்னால் நின்று அவன் பேசினான்.

"அக்கா, நான்தான். முன்பக்கமா வா. கதவு தொறந்துதான் இருக்கு. என் பின்னாடியே வந்துடு."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். திரும்பிப் பார்த்தபோது நாய்கள் ஒன்றும் அசையவில்லை. எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன, முகத்தை அல்ல, கையை. அவனும் குனிந்து பார்த்தான். இரண்டு கையையும் இறுக்க மூடி வைத்திருந்தான். கால்கள் சந்தின் குறுக்கே அகட்டி நின்றன, யாரையும் தாண்டிப் போக விடாதவன் நிற்கிற மாதிரி. வா என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது, உடம்பு முழுக்க வராதே என்று சொல்லிக்கொண்டிருந்தது. கையை விரிக்கப் பார்த்தான், முடியவில்லை. உள்ளே மருமகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருப்பது அவன் நினைப்பை விட்டுப் போகவில்லை. செவலை அவனிடமிருந்து கண்ணை எடுத்து, மேலே அந்த உயரத்தைப் பார்த்தது. அவனுடைய பதிலை அது அவளுக்குச் சொல்லிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் அங்கேயே குந்திவிட்டான்.

மறுநாள் காலை நல்ல மழை. இடி இடித்து வீட்டில் கரண்டு போனது. தெய்வசிகாமணி பூட்டிய அறையின் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அறைக்கு அந்தப் பக்கம், சுவருக்கும் அந்தப் பக்கம், நனைந்த வால்கள் சுவரில் அடிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. சங்கவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே நின்றாள். அந்த வீட்டுக்கு அவள் மருமகளாய் வந்து முழுதாய் இரண்டு வருஷம் ஆகவில்லை. மாமனாரிடம் அதிகம் பேசியவள் இல்லை.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். பெரியத்தை என்னை ஏதாவது செஞ்சிடுவாங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். மசக்கை வாந்தியில் அவள் துவண்டு கிடந்தபோது ஞானாம்பாள் எலுமிச்சை இலையைக் கசக்கி அவள் மூக்கருகே பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியும்.

"அவளா? அவ ஒண்ணும் செய்யமாட்டாம்மா."

"அப்புறம் எதுக்கு மாமா அடைச்சோம்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொல்லைப் பக்கம் போய், தேங்காய் உரிக்கிற மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு, தலையில் ஒன்றும் போடாமல் மழையில் இறங்கிச் சந்துக்குள் போனாள். அவன் பின்னால் ஓடினான். நாய்கள் அவளைக் கண்டதும் எழுந்து, வேலைக்காரர்களுக்கு இடம் கொடுக்கிற மாதிரிப் பின்வாங்கின, அந்த நடு இடமும் அவற்றோடு பின்வாங்கியது. முதல் குத்தை அவள்தான் குத்தினாள். பூச்சு ஒரு கையளவு பெயர்ந்தது. இரண்டாவது குத்துக்கு ஓங்கும்போது அவன் கடப்பாரையைப் பிடித்துவிட்டான். தடுக்கிறானோ என்று அவள் முறைத்தாள்.

"நான் இடிக்கிறேன், நீ தள்ளி நில்லு," என்றான்.

அவனுக்கு அறுபது தாண்டிய உடம்பு, கண்ணில் புரை. சேறும் சிமெண்டும் கலந்து முகத்தில் வழிய அவன் இடித்தான். இளவழகன் ஓடி வந்தான், என்னப்பா இது என்று கத்தினான், மனைவி கையைப் பிடித்து இழுத்தான், அவள் வரவில்லை என்றதும் அவனும் செங்கல்லைப் பிடுங்கத் தொடங்கினான். தெருவே சந்து முனையில் கூடிவிட்டது. கோதண்டம் குடையோடு வந்து, ஆறு மாசம் ஆகலைப்பா, என் பேச்சைக் கேளு என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பூக்காரம்மா அவரைத் தோளில் தொட்டு, கொஞ்சம் அப்படி நில்லுங்க பெரியவரே, வழியில நிக்காதீங்க என்றாள். அவர் தன்னையறியாமல் ஒதுங்கினார்.

ஓர் ஆள் போகிற அளவுக்குச் சுவர் திறந்தது. அறைக்குள்ளிருந்து பூட்டிக் கிடந்த வாடை வந்தது. பழந்துணி, விபூதி, தைலம். தெய்வசிகாமணி கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றான். கைகள் தாமாக விரிந்து தொங்கின.

நாய்கள் இரண்டு பக்கமாக விலகின. எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின, மெதுவாக, ஒரு முட்டிவலிக்காரி நடக்கிற வேகத்தில். உடைந்த செங்கல் கிடந்த இடத்தில் அந்தப் பார்வை நின்றது. காலை மேலே தூக்கி வைக்க முடியாமல் நிற்கிறாள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. சங்கவி முன்னால் போய் முழங்கையை மடித்து நீட்டினாள். ஒன்றும் ஆகவில்லை, ஒரு கணம். பிறகு அவள் கை சட்டென்று கீழே இறங்கியது, கனத்த ஒருவர் பிடித்து ஊன்றினால் இறங்குகிற மாதிரி, அவளே தள்ளாடி மறுகையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முழங்கைக்கு மேல் சதை நான்கு இடத்தில் குழிந்ததை தெய்வசிகாமணி தன் மங்கல் கண்ணால் பார்த்தான். பிறகு குழிவு நிரம்பியது. கை மேலே வந்தது.

நாய்கள் உடம்பை உதறிக்கொண்டன. ஒன்றின்மேல் ஒன்று தண்ணீர் தெறிக்க உதறிவிட்டு, மீன்காரர் சைக்கிள் சத்தம் கேட்டதும் குரைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடின. செவலை மட்டும் நொண்டிக்கொண்டே கடைசியாகப் போனது. சாயங்காலம் அவை ரேஷன் கடைப் படியில் ஒன்றோடொன்று ஒட்டி, கால் எது வால் எது என்று தெரியாமல் குவியலாகத் தூங்கின. நடுவில் ஒரு விரல் இடம் இல்லை.

அப்போதுதான் தெய்வசிகாமணிக்கு அடுத்த அடி விழுந்தது. வெளியே நின்றவரை அவள் எங்கே நிற்கிறாள், எந்தப் பக்கம் திரும்புகிறாள், எப்போது மூச்சு வாங்குகிறாள் என்று நாய்கள் காட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் காட்ட யாரும் இல்லை. அவன் அறையில் போய் உட்கார்ந்து பார்த்தான். பேசிப் பார்த்தான். பாய் மடித்தது மடித்தபடி இருந்தது. தம்ளரில் வைத்த தண்ணீர் குறையவில்லை. செவலையைத் தூக்கிக்கொண்டு வந்து அறை நடுவில் விட்டுப் பார்த்தான். வெந்நீரும் மாத்திரையும் கொடுத்ததில் அதற்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அது அவனையே பார்த்து வாலை ஆட்டிவிட்டு, வந்த வழியாகவே வெளியே போய்விட்டது. அவளை வீட்டுக்குள் விட்டதால்தான் அவள் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தாள் என்று அவனுக்குப் புரிய, கார்த்திகையும் போய் மார்கழி வந்துவிட்டது. புரிந்த அன்றைக்கு, சுவர் இடித்தபோதும் எரித்தபோதும் வராத அழுகை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. நுரையோடு அழுதான்.

தை மாதம் சங்கவிக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். பார்க்க வந்த கோதண்டம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, சுவர் விஷயத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

சுவரில் இடித்த இடத்தை மறுபடி அடைக்கவில்லை. அங்கே இப்போது ஒரு தகரக் கதவு இருக்கிறது. பச்சைப் பெயிண்ட் அடித்தது. தாழ்ப்பாள் போடவில்லை.